பள்ளிக்கூடம் தேடி வாசல் வாசலாக நின்ற அம்மா

பள்ளி அலுவலக மேஜைக்கு நீங்கள் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஒருவராவது உங்களிடம் கேட்டிருப்பார்: “ஊருக்குப் புதுசா குடி வந்திருக்கோம். பிள்ளைங்கள எந்தப் பள்ளிக்கூடத்துல போடலாம்?” நீங்களும் ஏதோ ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரே பதில். யோசிக்கவே வேண்டாம், வாய் தானாகச் சொல்லும்.

அந்தப் பதிலை நான் நிறுத்தியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பாக்கியம் என்கிற ஒரு அம்மாவைப் பார்த்த பிறகு.

அப்போது ஜொகூர் பாருவில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான் இரண்டாவது கிராணி, அதாவது குமாஸ்தா. பள்ளியின் பெயர் வேண்டாம். சேர்க்கைப் பதிவேடு, வகுப்புப் பட்டியல், தண்டனைப் புத்தகம் மூன்றும் என் கையில் இருந்தன. பிள்ளைகளோடு தலைமையாசிரியர் அறைக்கு வரும் தமிழ்ப் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பதும் நான்தான். தலைமையாசிரியர் வெள்ளைக்காரர். பள்ளியில் எல்லோரும் அவரைத் துரை என்றுதான் சொல்வோம். பொறுமை குறைவு, ஆனால் கெட்டவர் இல்லை.

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் வந்து, அரசாங்க அலுவலகங்களும் பெருகியிருந்த காலம். குளுவாங், பத்து பகாட் பக்கமிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்கள் நிறைய. பெற்றோர் கேட்கும் கேள்விகள் விதவிதமாக இருக்கும். பிரம்படி உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு என்றால் பாதிப் பேருக்கு முகம் மலரும். தொப்பி போட வேண்டுமா, மாட்டிறைச்சி சாப்பிடச் சொல்வார்களா, சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா என்று ஏழு வயதுப் பையனை வைத்துக்கொண்டே கேட்பார்கள். ஆனால் பாக்கியம் என்னிடம் கேட்டதை யாரும் கேட்டதில்லை.

பள்ளி ஆண்டு முடியும் நேரம்; புது ஆண்டு தொடங்க மூன்று வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பியூன், வயதான மலாய்க்காரர், வாசலைக் காட்டி, “யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள்” என்று மலாயில் சொன்னார். எதிர்ப்பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் குடை. பிள்ளை யாரும் உடன் இல்லை. காலை மணி அடிக்கும்போது நின்றாள். இடைவேளையிலும் நின்றாள். பள்ளி விடும்போது பார்த்தால் இன்னும் அங்கேயே.

செவ்வாய்க்கிழமை அவளைக் காணவில்லை. கோயில் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி வாசலில் பார்த்ததாக ரிக்‌ஷாக்காரர் ஒருவர் சொன்னார். புதன்கிழமை மலாய்ப் பள்ளி. வியாழக்கிழமை மறுபடியும் எங்கள் வாசல். பியூனுக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றி அந்தச் சமயம் ஊரில் ஏதோ வதந்தி உலவியது.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வாய் திறந்தால் நாலு சொல்லுக்கு மேல் வராது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “போய் ஆரெண்டு கேட்டுக்கொண்டு வாரும்” என்றார்.

விரட்டிவிடும் எண்ணத்தோடுதான் போனேன்.

“யாரம்மா நீங்க? யாரைப் பார்க்கணும்?”

“யாரையும் பார்க்க வேணாம்யா. பள்ளிக்கூடத்தைத்தான் பார்க்கிறேன்.”

“உள்ளே வந்து பார்க்கலாமே.”

“உள்ள வந்தா நீங்க காட்டுறதத்தானே பார்க்க முடியும்?” என்றாள். துடுக்காகச் சொல்லவில்லை. எனக்கு விளக்குவது போல நிதானமாகச் சொன்னாள்.

அவள் கணவர் காஹாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தவர். நகரத்தில் வேலை கிடைத்து, பத்து நாளைக்கு முன் குடும்பத்தோடு வந்து, கடைத்தெருவின் பின்புறம் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் லெட்சுமிக்குப் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது.

“அவள எங்க போட்டாலும் பேசிப் பிழைச்சுக்குவாய்யா. சின்னவனுக்குத்தான் பார்க்கிறேன். எட்டு வயசு. வீட்டுக்காரர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டார். ஆனா எது ஒத்து வரும்னு பார்க்கிறது என் பொறுப்பு.”

“ரோட்டில் நின்றால் என்னம்மா தெரியும்?”

தெரிந்ததையெல்லாம் சொன்னாள். நான் அசந்துபோனேன். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்களாம், ஆனால் ஒரே வாத்தியார் மூன்று வகுப்பைப் பார்க்கிறாராம். மலாய்ப் பள்ளியில் பெரிய பையன்கள் சின்னவர்களைக் கைபிடித்து ரோட்டைக் கடத்திவிடுகிறார்களாம், ஆனால் வீட்டிலிருந்து தூரம், மழை நாளில் வழியில் தண்ணீர் நிற்குமாம். எங்கள் பள்ளிக்கு வந்ததும் அவளே கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“உங்க சின்னப் பிள்ளைங்க மணி அடிச்சதும் எங்கய்யா ஓடுதுங்க?”

“வீட்டுக்குத்தான்.”

“இல்லய்யா. ரெண்டு நாளா பார்த்துட்டேன். ஏழெட்டுப் பேர் அந்த வேலிக்குப் பின்னால ஓடுறாங்க. ஒண்ணுக்குப் போயிட்டு அப்புறம்தான் வீட்டுக்குப் போறாங்க. உள்ள கக்கூஸ் இல்லையா?”

இருக்கிறது என்றேன். பிறகு எனக்கே உறைத்தது. வகுப்பு நேரத்தில் வெளியே போக வேண்டுமானால் எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. பிள்ளைகள் சீக்கிரம் ஆங்கிலம் பழக வேண்டும் என்று வைத்தது. அந்த ஒரு வாக்கியம் இன்னும் வாயில் வராத சின்னப் பையன்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறேழு வருடமாக நான் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை. ரோட்டில் இரண்டு நாள் நின்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

விதியைச் சொன்னேன்.

“வாய் திறந்து கேட்க முடியாத பிள்ளைன்னா?”

“எல்லோரும் பழகிக்குவாங்கம்மா.”

அவள் குடையின் பிடியைத் திருகினாள். பிறகு, “என் பையன் கொஞ்சம் மெதுவா பேசுவான்” என்றாள்.

நான் சிரித்தேன். “தோட்டத்துப் பிள்ளைங்க முதல்ல அப்படித்தாம்மா. இங்க வந்து ஆறு மாசத்துல வாயாடியா ஆயிடுவாங்க.”

அந்த இடத்தில் நான் சிரிக்காமல் இருந்திருந்தால் மேலே ஏதாவது சொல்லியிருப்பாள். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெற்றோர் முக்கியமான விஷயத்தைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். போகிற போக்கில் ஒரு தடவை சொல்வார்கள், அவ்வளவுதான்.

புறப்படும்போது அவளாகவே ஒன்று கேட்டாள். “திங்கக்கிழமை மழை பேஞ்சப்போ ஒரு வாத்தியார் வாசல்ல குடையோட நின்னார். ஒரு சின்னப் பையன் அவர்கிட்ட ஏதோ நீளமா சொன்னான். அவன் முடிக்கிற வரைக்கும் அவர் நகரல. பாதி முதுகு நனைஞ்சு போச்சு. அவர் எந்த வகுப்பு?”

முதல் வகுப்பு ‘பி’ பிரிவு ஆசிரியர் அவர்.

“என் பையன அவர் வகுப்புல போடுவீங்களா?”

“பார்த்துச் செய்றேன்” என்றேன். எத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன்!

சேர்க்கை நாளில் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். துரைக்குக் காலையிலிருந்தே எரிச்சல். பாக்கியம் பையனோடு வந்தாள். பெயர் கோபால். எண்ணெய் வைத்து வாரிய தலை, துவைத்து மடித்த சட்டை, கூர்மையான கண்கள். கணவருக்கு அன்று ஆஸ்பத்திரியில் முறை வேலை.

துரை பையனைப் பார்த்துப் பெயரைக் கேட்டார். கேள்வியை நான் தமிழில் சொன்னேன். கோபால் வாயைத் திறந்தான். தாடை அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

துரையின் பேனா மேஜையில் தட்டத் தொடங்கியது. வெளியே இன்னும் பத்துக் குடும்பம். அடுத்தவர் ஒரு சாலை ஓவர்சியர், பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்திருந்தார். பையன் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். துரை இவனை ஒதுக்கிவிடப் போகிறார் என்று எனக்குப் பதற்றம்.

“கோபால், சார்” என்றேன். “கூச்சப்படுகிறான்.”

வயது என்ன? நான் சொன்னேன். முன்பு எங்கே படித்தான்? தோட்டத்துப் பள்ளியில் என்றேன். கேட்ட நாலு கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். துரை கையெழுத்துப் போட்டார். பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் வகுப்புப் பட்டியல் எழுதும்போது ‘பி’ பிரிவில் ஒரே இடம்தான் மீதம். ஓவர்சியரும் அந்தப் பிரிவைத்தான் கேட்டிருந்தார். அவர் மகன் பெயரை அங்கே எழுதினேன். கோபாலை ‘ஏ’ பிரிவில் போட்டேன். என்ன பெரிய வித்தியாசம், இரண்டும் முதல் வகுப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் ‘ஏ’ பிரிவு ஆசிரியரிடமிருந்து தண்டனைச் சீட்டு வந்தது. கோபால், ஆ செங் என்ற இரண்டு பையன்கள் சிலேட்டுத் துடைக்கும் தண்ணீரைப் பெஞ்சில் கொட்டி விளையாடியதற்கு ஆளுக்கு இரண்டு பிரம்படி. தண்டனைப் புத்தகத்தில் அதை அழகான கையெழுத்தில் எடுத்து எழுதினேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. எட்டு வயதுப் பையன்கள் தண்ணீரில் விளையாடுவதில் என்ன அதிசயம்?

மறுநாள் காலை பாக்கியம் பையனோடு என் மேஜைக்கு வந்தாள்.

“விலகல் சான்றிதழ் குடுங்கய்யா. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுறேன்.”

கோபாலின் உள்ளங்கை சிவந்திருந்தது. என்னம்மா ஆச்சு என்றேன்.

“என்ன ஆச்சுன்னு அவன் சொல்ல மாட்டேங்கிறான். நேத்திலிருந்து வாயே திறக்கல. வாசிக்கச் சொல்லி நிக்க வெச்சா வாசிக்க மாட்டேங்கிறான், திமிர் பிடிச்சவன்னு வாத்தியார் சொன்னாராம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.”

“அம்மா, அவசரப்படாதீங்க. ‘பி’ பிரிவுக்கு மாத்தித் தர்றேன்.”

“அன்னிக்கும் அதத்தான் சொன்னீங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

“அன்னிக்குத் தொரை கேட்டப்போ நீங்க ஏன்யா பதில் சொன்னீங்க?”

“பையன் பயந்துட்டான்னு நினைச்சேன்.”

“பயப்படல. அவனுக்கு வார்த்தை வர நேரமாகும். மாட்டிக்கும், ஆனா வந்துரும். இந்தப் பள்ளிக்கூடம் காத்திருக்குமா, காத்திருக்காதான்னு பார்க்கத்தான் நான் ஒண்ணும் பேசாம நின்னேன். காத்திருக்கலேன்னா அன்னிக்கே வேற பள்ளிக்கூடம் போயிருப்பேன். அதத் தெரிஞ்சுக்க விடாம நீங்க பண்ணிட்டீங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னேனே. மெதுவா பேசுவான்னு. நீங்க சிரிச்சீங்க.”

பின்னாலிருந்து பெரிய கிராணியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்து நின்றார்.

“சேர்க்கை அண்டைக்கு அந்தப் பொடியன் வாய் திறந்தவனோ, அல்லது நீர்தான் திறந்தனீரோ?”

“நான்தான், சார்.”

“அப்ப துரையிட்ட நீரே போய்ச் சொல்லும். நான் வரமாட்டன்.”

அவ்வளவுதான் சொன்னார். துரையின் கதவு என் மேஜையிலிருந்து பன்னிரண்டு அடிகூட இருக்காது. அன்று அது வெகு தூரமாக இருந்தது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். எனக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பையன் பிடிவாதக்காரன், விலகுகிறான் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினால் துரை பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அந்த நினைப்பும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெரிய கிராணி என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். சேர்க்கை நாளில் சொன்ன பதில்கள், ஓவர்சியர் மகனுக்குக் கொடுத்த இடம், வேலிக்குப் பின்னால் ஓடும் பையன்கள், எல்லாம்.

துரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு ‘ஏ’ பிரிவு ஆசிரியரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து, பெற்றோர் உட்காரும் மரப் பெஞ்சில் கோபாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எந்தப் பள்ளியில் படிக்க விருப்பம் என்று அவனிடம் கேள்” என்றார் என்னிடம். “என் கேள்வியை மட்டும் சொல். வேறொன்றும் சொல்லாதே.”

கேட்டேன்.

கோபாலின் தாடை இறுகியது. காத்திருந்தோம். ஒரு மாட்டு வண்டி வாசலைத் தாண்டிப் போனது. நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். உங்களுக்குச் சொல்கிறேன், இன்னொருவருடைய வார்த்தைக்காகச் சும்மா நிற்பதைப் போலக் கடினமான வேலை இந்த மேஜையில் வேறு இல்லை.

“இ… இங்க” என்றான் கோபால்.

பாக்கியம் திடுக்கிட்டுப் பார்த்தாள். “இங்கயா? ஏன்டா?”

அவன் சொன்னான். முழுதாகச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முந்தின நாள் வகுப்பில் அவனுக்கு அடக்க முடியவில்லை. எழுந்து நின்றான், வார்த்தை வரவில்லை. வம்புக்கு நிற்கிறான் என்று ஆசிரியர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் பெஞ்சிலேயே போய்விட்டது. பக்கத்தில் இருந்த சீனப் பையன் ஆ செங் அதைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. இவனுக்குச் சீனம் தெரியாது. மூன்று வாரமாக ஒருவரோடொருவர் பேசியதுகூட இல்லை. அந்தப் பையன் சிலேட்டுத் தண்ணீர் டப்பாவை எடுத்துப் பெஞ்சில் முழுதாகக் கவிழ்த்தான். தன் கால்சட்டையிலும் ஊற்றிக்கொண்டான். யாருக்கும் எது எதென்று தெரியவில்லை. இருவருக்கும் அடி விழுந்தது.

“அ… அவன் சொல்லல” என்றான் கோபால். “அடி வாங்கிக்கிட்டான். நா… நான் அவன் பக்கத்துல உட்காரணும்.”

‘ஏ’ பிரிவு ஆசிரியர் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, “ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருக்கலாமே. எனக்கு யாரும் சொல்லலையே” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

துரைக்கு நான் எதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அவர் தண்டனைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, என் அழகான கையெழுத்தின் மேல் குறுக்கே கோடு போட்டுத் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். கோபால் ஆ செங் பக்கத்திலேயே உட்காரட்டும் என்றார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அது நியாயம்தான். அந்த வாரமே சின்ன வகுப்புகளின் கதவிலெல்லாம் கயிற்றில் ஒரு மரக்கட்டை தொங்கியது. வெளியே போக வேண்டிய பிள்ளை அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம், கேட்க வேண்டியதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் நான் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தேன். பெற்றோர் போகிற போக்கில் சொல்வதை அதில் எழுதி வகுப்பாசிரியருக்கு அனுப்பினேன். கோபால் யுத்தத்தில் ஜப்பான்காரன் வரும்வரை எங்களிடம்தான் படித்தான். அவன் பேச்சு முழுதாகச் சரியானதென்று சொல்ல மாட்டேன். வாசிப்பு நேரத்தில் அவன் முறை வந்தால் வகுப்பு காத்திருக்கப் பழகியது.

இப்போது என்னிடம் யாராவது, எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். எந்தப் பிள்ளைக்கு? உங்களுக்கும் அதையே சொல்வேன். பிள்ளை உடன் வந்திருந்தால் அதனிடமே கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைக் கீழே வையுங்கள்.

அன்று துரை உள்ளே போன பிறகு பாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எழுதாத விலகல் சான்றிதழ் என் கையில் இருந்தது.

“எத்தனை வாசல்ல நின்னேன் கிராணி ஐயா” என்றாள். “எந்த வாத்தியார் நனையிறார், எங்க தண்ணி நிக்குதுன்னு எல்லாத்தையும் பார்த்தேன். உங்களத் திட்டினேன். ஆனா உனக்கு எதுடா பிடிச்சிருக்குன்னு இவன ஒரு தடவை கேட்கலையே.”

“நானும்தாம்மா கேட்கல.”

“தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்ட வேற நாளைக்கு வர்றோம்னு சொல்லிட்டேன். ஐயோ அலமாக், இப்ப என்னன்னு போய்ச் சொல்றது?”

நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள் அவள். வீட்டுக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது, ஆ செங்கின் வீட்டைக் கண்டுபிடித்து ஏதாவது பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் சாப்பிடுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடுவார்கள், சீனர்களுக்கு நம்முடைய முறுக்கு பிடிக்கும் என்றேன் நான்.

“என்னடா, முறுக்கு சுடலாமா?” என்று அவள் பக்கத்தில் திரும்பினாள்.

பெஞ்சில் யாரும் இல்லை. மணி அடித்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. கோபால் வகுப்புக்குப் போய்விட்டிருந்தான்.